ஆட்டிசம் உள்ள பதின்வயதுப் பிள்ளைக்கு மனநல உதவி: தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அவனுக்கு ஆட்டிசம், அதனால்தான் அப்படி இருக்கிறான்." சொந்தக்காரர்கள் இதைச் சொல்வார்கள், பள்ளியில் சொல்வார்கள், சில சமயம் மருத்துவரே சொல்வார். பிள்ளை தூங்கவில்லை, சாப்பிடவில்லை, கையைக் கடித்துக்கொள்கிறான், பிடித்த ரயில் வீடியோவைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பெற்றோரும் நாளடைவில் நம்பிவிடுகிறார்கள்.

ஆனால் ஆட்டிசம் அவனுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. தீபாவளிக்கு அப்புறம் தொடங்கிய ஒரு மாற்றத்துக்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. இந்த ஒரு வாதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனையிலும் பள்ளியிலும் பல இடங்களில் தேவைப்படும். இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 112 பேரைப் பரிசோதித்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பேருக்குக் கூடவே இன்னொரு மனநலச் சிக்கலாவது இருந்தது. பதற்றம், கவனக்குறைவு போன்றவைதான் அதிகம். ஆக, கூடுதலாக ஒன்று இருப்பது அபூர்வம் இல்லை. அது கவனிக்கப்படாமல் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

ஆபத்து இப்போதே இருந்தால்

மற்றதை அப்புறம் படிக்கலாம், இதை முதலில் படியுங்கள்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால், எழுதினால், வரைந்தால், அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அழுதுகொண்டு, குரல் உடைந்து சொல்ல மாட்டார்கள். "நான் இல்லன்னா உங்களுக்குச் செலவு மிச்சம்" என்று, நாளைக்கு என்ன டிபன் என்று கேட்கும் அதே குரலில் சொல்வார்கள். ஏதாவது சினிமா வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லலாம். முகத்தில் துக்கம் தெரியவில்லை என்பதால் உள்ளே துக்கம் இல்லை என்று ஆகாது. சுவீடனில் 2016இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ளவர்களிடையே தற்கொலை மரணம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்கள், அதாவது "இவன் நல்லாத்தானே படிக்கிறான்" என்று நாம் சொல்லும் பிள்ளைகள், இன்னும் அதிக ஆபத்தில் இருந்தார்கள்.

நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" "எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?" சுற்றி வளைத்து "மனசு ஒரு மாதிரியா இருக்கா கண்ணா" என்று கேட்டால் அந்தப் பிள்ளைக்குப் புரியாமல் போகலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பேசச் சிரமப்படும் பிள்ளையிடம் தாளில் எழுதி, ஆம், இல்லை, தெரியவில்லை என்று மூன்று கட்டம் போட்டுக் கொடுங்கள். தெரியவில்லை என்ற கட்டம் முக்கியம். அது இல்லையென்றால் பல பிள்ளைகள் நம்மைத் திருப்திப்படுத்த ஏதோ ஒன்றைக் காட்டிவிடுவார்கள்.

பதில் ஆம் என்றால் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும், பாட்டியின் சர்க்கரை மாத்திரை உட்பட, பூட்டி வையுங்கள். பூச்சிமருந்து, எலிமருந்து எதுவும் வீட்டிலோ மோட்டார் ரூமிலோ இருக்கக் கூடாது. எதையாவது விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், அந்தப் பாட்டிலோ அட்டையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே 108இல் மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும்.

உடனடி உயிராபத்து இல்லை, ஆனால் இந்த ராத்திரியைத் தாண்ட வேண்டும் என்றால் டெலி மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காகவே இயங்கும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. போனில் பேசவே முடியாத பிள்ளைதான் உங்களுடையது என்றால், நீங்களே கூப்பிட்டு, "என் பிள்ளைக்கு ஆட்டிசம், இப்போது இப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய" என்று கேட்கலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் பலர் தனியார் கிளினிக்குகளாக அலைந்து நேரத்தை விடுகிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, சொல்கிறது. மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், காவலர் ஒருவர் வந்து விசாரிக்கலாம். அதற்காக உண்மையை மறைக்காதீர்கள். என்ன விழுங்கினான் என்று தெரியாமல் மருத்துவரால் சிகிச்சை செய்ய முடியாது.

முதல் படி: உடம்பைப் பாருங்கள்

மனநல மருத்துவரிடம் போவதற்கு முன்போ, போகும் அதே வாரத்திலோ, ஒரு குழந்தை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்யுங்கள். சொத்தைப் பல், மலச்சிக்கல், காது வலி, வயிற்றெரிச்சல், மாதவிடாய் வலி இவை எல்லாம் தலையைச் சுவரில் முட்டுவதாகவும், பக்கத்தில் இருப்பவரை அடிப்பதாகவும் வெளிப்படும். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு மட்டுமல்ல, சரளமாகப் பேசும் பிள்ளைக்கும் இது பொருந்தும். உடம்பில் எங்கே என்ன செய்கிறது என்று உணர்ந்து சொல்வதே பலருக்குக் கஷ்டம். பல் மருத்துவரிடம் போய்ப் பல வருடம் ஆகிறது என்றால் அதிலிருந்தே தொடங்குங்கள்.

வலிப்பு நோய் ஆட்டிசத்தோடு சேர்ந்து வருவது சாதாரணம், அது புதிதாகத் தலைகாட்டும் வயதுகளில் பதின்வயதும் ஒன்று. சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது, கூப்பிட்டால் அந்த நேரத்தில் திரும்பாமல் இருப்பது, தூக்கத்தில் உடல் வெட்டுவது போன்றவை இருந்தால் மொபைலில் எடுத்துக் காட்டுங்கள். ஏற்கெனவே வலிப்பு மாத்திரை சாப்பிடும் பிள்ளையின் கோபம் திடீரென அதிகமானால் மாத்திரை மாறிய தேதியைப் பாருங்கள். லெவிடிராசிட்டம் போன்ற சில மருந்துகள் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

இன்னொன்று உண்டு, இதைப் பலர் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். சுறுசுறுப்பாக இருந்த பிள்ளை மெதுவாகிக்கொண்டே போகிறான். வாசற்படியில் நின்றால் நின்றபடியே இருக்கிறான், சோற்றுக் கை பாதி வழியில் நிற்கிறது, யாராவது தொட்டுவிட்டால்தான் அடுத்த அசைவு வருகிறது, பேச்சு குறைகிறது. இதற்குக் கேட்டடோனியா (catatonia) என்று பெயர். சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் திட்டு வாங்கிக்கொண்டே இந்தப் பிள்ளைகள் மாதக்கணக்கில் முடங்கிப் போவார்கள். சிகிச்சை இருக்கிறது. லோராசிபாம் என்ற மருந்தில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். சாப்பாடும் தண்ணீரும் இறங்காத அளவுக்குப் போனால் அது அவசர நிலை. மருத்துவரிடம் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

இரண்டாம் படி: மாற்றத்தை எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஓபி நேரத்தில் மருத்துவருக்கு உங்களோடு கிடைப்பது சில நிமிடங்கள். அதில் "அடம் பிடிக்கிறான் சார், ஸ்கூல் போக மாட்டேங்கிறான்" என்றால், அவர் ஃபைலில் ஆட்டிசம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது. அவருக்கு உங்கள் பிள்ளையின் பழைய நிலை தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்.

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடது பக்கம் முன்பு, வலது பக்கம் இப்போது. தூக்கம், சாப்பாடு, குளியல், பேச்சு, பள்ளி, கோபம், பிடித்த விஷயம். இடது பக்கம் "ஒன்பதரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுவான்", வலது பக்கம் "பொங்கலுக்கு அப்புறம் ஒரு மணிக்கு முன் தூங்கியதில்லை". "ரொம்ப", "எப்பவும்" போன்ற வார்த்தைகளைத் தவிர்த்து, வாரத்துக்கு எத்தனை தடவை, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பத்துப் பக்கம் எழுதிக்கொண்டு போனால் யாரும் படிக்கப்போவதில்லை.

எதையெல்லாம் கவனிப்பது? மனச்சோர்வு வந்த பிள்ளை எப்போதும் சோகமாக உட்கார்ந்திருக்காது. உயிரையே வைத்திருந்த ஒரு விஷயத்தை, பஸ் ரூட் எண்களோ, கிரிக்கெட் ஸ்கோரோ, வாஷிங் மெஷின் மாடல்களோ, திடீரென விட்டுவிடும். அல்லது அந்த ஈடுபாடு இருண்ட பக்கம் திரும்பும்: விபத்துகள், சாவுச் செய்திகள். பதற்றம் வந்த பிள்ளை ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்கும். "அப்பா எப்ப வருவாங்க?" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி வரும்.

வழக்கமான ஆட்டிச ஒழுங்கையும் ஓசிடி என்கிற எண்ணச் சுழலையும் பிரித்துப் பார்ப்பது மருத்துவர்களுக்கே சிரமம். செருப்புகளை வரிசையாக அடுக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அதில் ஒரு நிம்மதியோ சந்தோஷமோ இருந்தால் அது அவனுடைய இயல்பு. அழுதுகொண்டே, பயத்தோடு, நிறுத்த முடியாமல் அடுக்கினால் அதை எழுதிக்கொள்ளுங்கள். தனக்குத்தானே பேசுவதும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்தே கார்ட்டூன் வசனம் பேசுபவன் பேசுவது ஒன்று. புதிதாக யாருக்கோ பயந்து பதில் சொல்வதுபோலப் பேசுவது வேறு.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பள்ளியில் மற்றவர்களைப் பார்த்து அதே மாதிரி சிரித்து, தலையாட்டி, நாளை ஓட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உடைந்து போவார்கள். "ஸ்கூல்ல ஒரு பிரச்சினையும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கா" என்று ஆசிரியர் சொல்வது பொய்யல்ல. அவர் பார்ப்பது அந்த நடிப்பை. ஆண் பிள்ளைகளும் இதைச் செய்வதுண்டு.

எழுதும்போதே தேதிகளையும் பாருங்கள். மாற்றம் தொடங்கிய சமயத்தில் என்ன நடந்தது? பத்தாம் வகுப்பு தொடங்கியதா, பிடித்த தெரபிஸ்ட் வேலையை விட்டுப் போனாரா, தாத்தா இறந்தாரா, வேன் டிரைவர் மாறினாரா? இந்தக் கடைசிக் கேள்வி சும்மா கேட்டதல்ல. குறிப்பிட்ட ஓர் ஆளையோ இடத்தையோ பார்த்தால் பயப்படுவது, உடை மாற்ற மறுப்பது, புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது, வயதுக்கு மீறிய பாலியல் சொற்கள் போன்றவை இருந்தால் பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைக் குறிவைப்பவர்கள், "இவன் சொன்னால் யார் நம்புவார்கள்" என்ற கணக்கில்தான் குறிவைக்கிறார்கள். 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லலாம். போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் புகார் சொல்வது கட்டாயம். அதே சட்டம், பிள்ளையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யும்போது அதன் பேச்சுமுறை தெரிந்தவரையோ ஸ்பெஷல் எஜுகேட்டரையோ உடன் வைத்துக்கொள்ளவும் வழி செய்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் போவது

சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுத முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பரிசோதனைகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் செய்பவர், மருந்து எழுத மாட்டார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தவறே இல்லை. கவுன்சலர் என்று போர்டு வைக்க மட்டும் நம் ஊரில் பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை, அதனால் கவனம். உங்கள் பிள்ளைக்கு வாரா வாரம் வரும் பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இவர்கள் மனநலச் சிகிச்சை தருபவர்கள் அல்ல. ஆனால் மாற்றத்தை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரு சின்னக் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எங்கே? மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருப்பார். தொடங்க அது போதும், செலவும் இல்லை. வளர்ச்சிச் சிக்கல் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்துக் கைக்குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், திட்டம் 18 வயது வரைக்கும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் என்ற பேரையே நாம் வசவாக்கி வைத்திருப்பதால் அங்கே போகக் கூசுகிறவர்கள் உண்டு. அங்கே புறநோயாளியாகப் பிள்ளைகளையும் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு வீட்டுக்குத்தான் அனுப்புகிறார்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் வளாகத்தில் குழந்தை, பதின்வயதினர் மனநலத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் அப்படியே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட், பல்வகை மாற்றுத்திறனுக்கான மத்திய அரசு நிறுவனம், ஆட்டிசம் தெரிந்தவர்கள் ஒரே இடத்தில் இருக்கும் இடம்.

அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போது மூன்றைக் கேளுங்கள். ஆட்டிசம் உள்ள பதின்வயதினரைப் பார்த்துப் பழக்கம் உண்டா? பிள்ளையால் பேச முடியாவிட்டால் எழுத்திலோ படப்பலகையிலோ பேச அனுமதிப்பீர்களா? காத்திருக்கும் நேரம் எவ்வளவு? "பழக்கம் இல்லை, ஆனால் கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லும் மருத்துவர், "எல்லாம் பார்த்தாச்சு" என்பவரைவிட மேல் என்பது என் கருத்து.

ஸ்டெம் செல் செலுத்தி ஆட்டிசத்தையே குணமாக்குகிறோம் என்பவர்களிடம் நிற்காதீர்கள். அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் சொல்லிவிட்டது. கோயில், தர்கா, மாதா கோவில் போவது உங்கள் மனதுக்குத் தெம்பு தருமென்றால் போங்கள், மாத்திரையை நிறுத்தாமல் போங்கள். கட்டிப்போடும் இடங்களில் மட்டும் விடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இப்போது அதே ஏர்வாடி தர்காவில் மனநல மருத்துவர் வந்து பார்க்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. சங்கிலியிடுவது 2017 சட்டப்படி குற்றம்.

நான்காம் படி: போகும் நாள்

பிள்ளையிடம் பொய் சொல்லி அழைத்துப்போகாதீர்கள். "கடைக்குப் போறோம்" என்று ஏமாற்றி ஒரு தடவை கூட்டிப்போய்விடலாம், அடுத்த தடவை வண்டியில் ஏற மாட்டான். "உனக்குத் தூக்கம் வரலை, மனசு கஷ்டமா இருக்கு. அதுக்கு உதவி செய்யற டாக்டரைப் பார்க்கப் போறோம். ஊசி போடுவாங்களான்னு எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்றேன்." இப்படி. முடிந்தால் முந்தின நாள் போய்க் கட்டடத்தையும் அறையையும் போட்டோ எடுத்து வந்து காட்டுங்கள்.

அரசு மருத்துவமனை ஓபி வரிசையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டியூப் லைட், ஃபேன் சத்தம், பெயர் கூப்பிடும் குரல், இடித்துக்கொண்டு நிற்கும் கூட்டம். அமைதியான பிள்ளைகூட அங்கே கலங்கிவிடும். இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நிற்கட்டும், இன்னொருவர் பிள்ளையோடு வெளியில், மர நிழலிலோ வண்டியிலோ இருக்கட்டும். முறை வரும்போது போன் செய்தால் போதும். மாற்றுத்திறனாளி அட்டையைக் காட்டி, சமூகப் பணியாளரிடமோ நர்சிடமோ நிலைமையைச் சொன்னால் பல இடங்களில் முன்னால் விடுவார்கள். ஹெட்போன், தண்ணீர், பழக்கமான ஒரு தின்பண்டம், கையில் உருட்ட ஏதாவது ஒன்று. உங்கள் ஒரு பக்கத் தாள், பழைய ரிப்போர்ட்டுகள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் அட்டைகள், வீட்டில் எடுத்த ஒன்றிரண்டு சின்ன வீடியோக்கள். வீடியோவை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

உள்ளே போனதும் தாளை மருத்துவர் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருங்கள். பிள்ளை காது கேட்க, "இவனால எங்க வாழ்க்கையே போச்சு டாக்டர்" என்று அழுவது வேண்டாம். பேசாத பிள்ளைக்கும் எல்லாம் புரிகிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். அந்த மாதிரி சொல்ல வேண்டியவற்றைத் தனியாகச் சொல்ல நேரம் கேளுங்கள். அதேபோல் பிள்ளைக்கும் உங்களில்லாத சில நிமிடம் கேளுங்கள். அப்பா அம்மா எதிரில் பேசாததைப் படப்பலகையிலோ, படத்தைத் தொட்டுப் பேச உதவும் ஆவாஸ் மாதிரியான செயலியிலோ, தாளிலோ சொல்லக்கூடும்.

மருத்துவர் அதே பழைய வாக்கியத்தைச் சொன்னால், வாதாட வேண்டாம். தாளைக் காட்டி, "ஆட்டிசம் பன்னிரண்டு வருஷமா இருக்கு டாக்டர். இது மூணு மாசமாத்தான் இருக்கு. இது வேற எதுவா இருக்கலாம்னு பாருங்களேன்" என்று கேளுங்கள். அப்புறமும் பேனாவை மூடினால், இரண்டாவது கருத்துக்கு வேறு ஒருவரிடம் போங்கள்.

ஐந்தாம் படி: பேச்சுவழிச் சிகிச்சை

சாதாரணக் கவுன்சலிங்கை அப்படியே கொடுத்தால் பல பிள்ளைகளுக்கு வேலை செய்யாது. "இந்த வாரம் எப்படி ஃபீல் பண்ணே?" என்ற கேள்விக்கு, தன் உணர்வுக்குப் பேர் வைக்கத் தெரியாத பிள்ளை என்ன சொல்லும்? தோளைக் குலுக்கும். ஒத்துழைக்கவில்லை என்று கவுன்சலர் எழுதிவைப்பார். நல்லவர் வேறு மாதிரி செய்வார்: 0 முதல் 10 வரை ஒரு கோடு வரைந்து கோபத்தைக் குறிக்கச் சொல்வார், உடம்பின் படம் வரைந்து பயம் எங்கே வருகிறது என்று கேட்பார், பிள்ளைக்குப் பிடித்த ரயிலையோ டைனோசரையோ வைத்தே பேசுவார், நேரத்தைக் குறைப்பார், ஒவ்வொரு தடவையும் இன்று என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிவைப்பார். எண்ணம், உணர்வு, செயல் மூன்றையும் இணைத்துப் பார்க்கும் சிபிடி முறையை இப்படி மாற்றிக் கொடுத்தால், பேசக்கூடிய பிள்ளைகளின் பதற்றம் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பேச்சு குறைவான பிள்ளைக்குச் சூழலை மாற்றுவதுதான் பெரும்பகுதிச் சிகிச்சை.

கண்ணைப் பார்த்துப் பேச வைப்பது, கையை ஆட்டாமல் உட்கார வைப்பது இவற்றையே இலக்காக வைக்கும் தெரபிஸ்டிடம் மனச்சோர்வோடு இருக்கும் பிள்ளையை விடாதீர்கள். அந்தக் கையாட்டல்தான் அவன் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணமாக இருக்கலாம்.

தெரபிஸ்டோடு சேர்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதி வாங்குங்கள். மோசமாகும்போது தெரியும் அறிகுறி, அப்போது பிள்ளை என்ன செய்யும், எந்த அறைக்குப் போகும், யாரிடம் காட்டும். பேச்சு நின்றுபோகும் நேரத்துக்காக ஒரு சிவப்பு அட்டை வைத்துக்கொண்டால்கூடப் போதும்: அதை நீட்டினால் கேள்வி கேட்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: மருந்து

ஆட்டிசத்துக்கென்று மருந்து கிடையாது. கூட வரும் சிக்கல்களுக்கு உண்டு. கடுமையான எரிச்சல், அடித்தல், தன்னைக் காயப்படுத்துதல் இவற்றுக்கு ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் இரண்டும் அமெரிக்காவில் முறையே 2006, 2009இல் அனுமதி பெற்றவை, இங்கேயும் பரவலாக எழுதுகிறார்கள். பசியும் எடையும் ஏறும், குறிப்பாக ரிஸ்பெரிடோனில். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தவறலாம், ஆண் பிள்ளைகளுக்கு மார்பு வீங்கலாம். தொடங்கும் முன்பே எடை, சர்க்கரை, கொழுப்பு பார்த்துக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு, பதற்றம், ஓசிடிக்கு ஃப்ளூவாக்ஸெடின் வகை மருந்துகள். ஆட்டிசம் உள்ள சிலருக்கு இவை முதல் வாரங்களில் தூக்கத்தைக் கெடுத்து, உட்கார முடியாத படபடப்பைக் கொடுக்கும். இளவயதினர் எவருக்குமே இந்த மருந்து தொடங்கும் காலத்தில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும். அதனால் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். படபடப்பு வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள்.

ஒவ்வொரு மருந்துக்கும் கேட்க வேண்டியவை: இது எந்த மாற்றத்துக்காக, எத்தனை வாரத்தில் தெரியும், தெரியாவிட்டால் என்ன, எப்போது நிறுத்துவோம். ஒரே நேரத்தில் இரண்டு மருந்து தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு யாருக்கும் தெரியாது. உங்கள் தாளில் மூன்றாவதாக ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்: மருந்துக்குப் பின். நன்றாகிவிட்டான் என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

அட்மிஷன் என்று சொன்னால்

பதறாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரைச் சேர்ப்பதற்குச் சட்டத்தில் கடுமையான வரையறை இருக்கிறது. பெற்றோர் எழுதிக் கேட்க வேண்டும். இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் வேறொரு மனநலப் பணியாளரோ மருத்துவரோ, தனித்தனியாகப் பரிசோதித்து, வேறு வழியில்லை என்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு ஒரே வார்டில் வைக்கக் கூடாது. பெற்றோரில் ஒருவரோ நீங்கள் நியமிப்பவரோ முழு நேரமும் கூட இருக்க வேண்டும். பெண் பிள்ளையோடு அப்பா இருந்தால் பெண் உதவியாளர் ஒருவரும் வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் டிஸ்சார்ஜ் கேட்டால் தர வேண்டும். "விட்டுட்டுப் போங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று எந்த இடம் சொன்னாலும் அங்கே விடாதீர்கள்.

பள்ளி, பணம், காகிதம்

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்காதவர்கள் பலர் இருக்கிறார்கள், கல்யாணத்துக்குத் தடை ஆகுமே என்ற யோசனையில். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அட்டை இருந்தால்தான் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிப்பது சுலபமாகும். பத்தாம் வகுப்புப் பதற்றத்தில் பாதி அங்கேயே குறையும். மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் (நேஷனல் டிரஸ்ட்) நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை, புறநோயாளிச் செலவும் தெரபியும் சேர்த்து, கோரலாம். அறக்கட்டளையில் பதிவான தொண்டு நிறுவனங்கள் விண்ணப்பித்துத் தருவார்கள், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உங்கள் சொந்த மருத்துவக் காப்பீடும் மனநோய்ச் சிகிச்சைக்கும் உடல்நோய்க்குச் சமமாகப் பணம் தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் முழு ஃபைலையும் காட்டத் தேவையில்லை. என்ன தேவை என்பதை மட்டும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள்: ஒரு மாதத்துக்கு அரை நாள் பள்ளி, வீட்டுப்பாடம் இல்லை, கலங்கும்போது போய் உட்கார ஓர் இடம், பஸ்ஸில் கேலி செய்யும் பையன்களைப் பற்றி நடவடிக்கை. படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது, அத்தை மாமா என்ன சொன்னாலும் சரி.

வீட்டிலும் அதே சலுகை வேண்டும். சிகிச்சை பிடிக்கும் வரை விருந்தாளி, கல்யாணம், புதுத் திறன் கற்றுக்கொடுப்பது எல்லாவற்றையும் ஒத்திவையுங்கள். கலங்கிக் கத்தும்போது விளக்கைக் குறைத்து, டிவியை அணைத்து, ஒரே ஆள் மட்டும் பக்கத்தில் இருந்து, குறைவாகப் பேசுங்கள். கூடப்பிறந்த பிள்ளைக்கு நடப்பதைச் சொல்லுங்கள். அம்மாவின் தூக்கத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். ராத்திரி முறை வைத்து விழிப்பதை அப்பா, மாமா, சித்தி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயது ஆனதும்

18ஆம் பிறந்த நாளோடு குழந்தைகள் பிரிவு கையைக் கழுவிவிடும், பெரியவர்கள் பிரிவில் மறுபடி முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும். அதனால் பதினேழிலேயே மருத்துவரிடம் ஒரு சுருக்க அறிக்கை கேளுங்கள்: நோய்கள், கொடுத்துப் பார்த்த மருந்துகள், எது ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளை எப்படிப் பேசும். 18 ஆனதும் பிள்ளை சட்டப்படி பெரியவர், சிகிச்சைக்கு அவருடைய சம்மதம் வேண்டும். முடிவெடுக்கக்கூடியவர் என்றால், மனநலச் சட்டப்படி தனக்காகப் பேச நியமனப் பிரதிநிதியாக யாரை வைப்பது என்று அவரே எழுதிக் கொடுக்கலாம், வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டால் போதும். முழு ஆதரவு தேவைப்படுபவர் என்றால், சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் பெரும்பாலும் இருக்கும், படிவத்தை அங்கே கேளுங்கள். பிறப்புச் சான்று, அடையாள அட்டை, பெற்றோர் ஆதார் நகல்களோடு அந்த ஒரு பக்கத் தாளின் நகலையும் அதே ஃபைலில் வைத்துவிடுங்கள்.